வலப்பக்கம் ஓட்டிப் பழகுதல்

அதுவும் சரி, அவர் தனக்கு இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் எடுத்தால் எடுக்கட்டும், எனக்கு எதற்கு... இரண்டு பேரிடமும் இருந்தால் நல்லது என்றார், நல்லதுதான், ஆனால் இத்தனை வருஷமாக என்னை ஸ்டியரிங்கைத் தொடவிடாத மனுஷனுக்குத் திடீரென்று இந்த நல்லெண்ணம் எங்கிருந்து வந்தது? கல்யாணமான புதிதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்த்துவிட்டவரும் அவர்தான், லைசென்ஸ் கைக்கு வந்த மாதமே குவார்ட்டர்ஸ் கேட்டில் நான் பம்பரை உரசியதும் சாவியை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டவரும் அவர்தான், நீ உட்காரு பத்மா, நான் ஓட்டறேன்... அன்றைக்கு இடது சீட்டில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவேயில்லை. லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டு வந்தேன், அடையாள அட்டையாகவாவது இருக்கட்டும் என்று. இப்போது அதை வைத்துக்கொண்டு, என் போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி, வெளிநாட்டில் வண்டி ஓட்டத் தகுதியுள்ளவள் என்று ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். போட்டோவில் என் முகத்தைப் பார்த்தால் அதுவே நம்பாத மாதிரிதான் இருக்கிறது.

“வலது... வலது ஓரத்தை விடாதே” என்கிறார் ஜெயராம், என் பழைய சீட்டில் உட்கார்ந்துகொண்டு. ஞாயிற்றுக்கிழமை காலை, சனத்நகரில் அவருடைய நண்பர் ராஜகோபாலின் பட்டறை, இன்று லீவு, வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். பின்பக்க வளாகத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களை வட்டமாக நிறுத்தி ஒரு ரவுண்டானா, சுண்ணாம்பால் இழுத்த கோடுகள், எல்லாம் இவருடைய ஏற்பாடு. ஜெர்மனியில் வலப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ரவுண்டானாவை நமக்கு நேர் எதிராகச் சுற்ற வேண்டும், பகலிலும் விளக்கு எரிய வேண்டும், சின்னத் தெருக்களில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவனுக்குத்தான் முதல் உரிமை, அங்கே ஆட்டோமேடிக் வண்டி, இடது கால் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடு... மறக்கிறேன். ம்யூனிக்கில் வேலை பார்க்கும் எங்கள் பெண் ஹம்ஸினிக்கு லீவு கிடையாது, அதனால் நாங்கள் இருவர் மட்டும் அவள் வீட்டிலிருந்து ஒரு வண்டி எடுத்துக்கொண்டு ஆஸ்திரியா மலைப்பக்கம் சுற்றிவிட்டு வருவதாகத் திட்டம். புளிக்காய்ச்சல் எவ்வளவு, தொக்கு எவ்வளவு, குட்டி ரைஸ் குக்கரை எந்தப் பெட்டியில் வைப்பது என்று என் பங்குக்கு நான் யோசித்துக்கொண்டிருந்தேன், இவரானால் என்னைக் கொண்டுவந்து பீப்பாய்களைச் சுற்றவிட்டிருக்கிறார்.

ஏன் என்று கேட்டுவிடலாம். வேறு எந்த வீட்டிலும் கேட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. அவர் ரிடையர் ஆகும்வரை இருந்தது ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில், டூர் என்பார், பெட்டியை எடுத்துக்கொள்வார், எங்கே, எத்தனை நாள், எதற்கு என்று கேட்கக் கூடாது. குவார்ட்டர்ஸில் எந்தப் பெண்டாட்டியும் கேட்க மாட்டாள், அதில் எங்களுக்கெல்லாம் கொஞ்சம் பெருமை கூட. கேட்கத்தானே கூடாது, பார்க்கலாமே... ஷூவில் ஒட்டிய மணல், கழுத்தில் கறுத்த வெயில், சட்டைக் காலரில் உப்புக் கோடு என்றால் கடற்கரை, உதடு வெடித்திருந்தால் ராஜஸ்தான். துணி துவைக்கும்போதே எந்த ஊர் என்று கண்டுபிடித்துவிடுவேன், கண்டுபிடித்ததை வெளியே சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கம் அவர் ரிடையர் ஆனதோடு போய்விடவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார். சங்கராந்திக்குப் பிறகு ஒரு மத்தியானம் வாக்கிங் என்று கிளம்பினார், மத்தியானத்தில் யார் வாக்கிங் போவார்கள், திரும்பி வரும்போது மூக்கின்மேல் புதுக் கூலிங் கிளாஸ், வெளியே மேகமூட்டம்... கண் கூசறது என்றார். அறுபத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, யாருக்காக கூலிங் கிளாஸ்? நினைத்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, அந்தப் பக்கம் போக இவருக்குச் சாமர்த்தியம் போதாது. ஆனால் வண்டியை எடுப்பதையும் அதோடு நிறுத்திவிட்டார், காய்கறி மார்க்கெட்டுக்குக் கூட ஆட்டோ. பெட்ரோல் மிச்சம் என்றார். எங்கள் வண்டியைப் பார்த்தால் எங்கள் பேட்டை லோத்குண்டாவில் எல்லாருக்கும் தெரியும், ஜெயராம் சார் இங்கே நின்றார் அங்கே நின்றார் என்று யாராவது என்னிடம் சொல்லிவிடுவார்கள் என்பதற்காகவோ? நான் பக்கத்தில் வந்து நின்றால் திடுக்கிட்டுத் திரும்புகிறார், குற்றமுள்ள நெஞ்சுதானே அப்படித் திடுக்கிடும்? என்னிடம் பேசுவதற்கே உடம்பை முழுசாகத் திருப்பிக்கொண்டு உட்காருகிறார், கோர்ட்டில் சாட்சி சொல்கிற மாதிரி.

மாடி வீட்டு வேதாவிடம் பேச்சுவாக்கில் பர்மிட் விஷயத்தைச் சொன்னது தப்பாகப் போயிற்று. அவள் அத்திம்பேர் கிருஷ்ணமூர்த்தி கூட அப்படித்தானாம், ரிடையர் ஆனதும் பெண்டாட்டிக்கு பேங்க் வேலை, கரண்ட் பில், காஸ் புக் பண்ணுவது, எல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாராம், அவளும் என்ன ஒரு அருமையான மனுஷன் என்று பூரித்துப் போனாளாம், அவள் தனியாகச் சமாளிப்பாள் என்று தெரிந்த மறுமாதம் ரிஷிகேஷில் ஒரு ஆசிரமத்துக்குப் போய்விட்டாராம். சொல்லிவிட்டு வேதா காப்பியைக் குடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. சொல்லிக்கொடுப்பது என்றால் அதுதானா அர்த்தம், நீ தனியாக இருக்கப் பழகிக்கொள் என்று? ஆசிரமமோ ஆஸ்பத்திரியோ, இவர் எங்கேயோ போகத் தயாராகிறார், போகும்முன் என்னைத் தயார் செய்கிறார்... டூர் என்று பெட்டியை எடுத்தபோதெல்லாம் திரும்பி வந்தார், சரி. இந்தத் தடவை?

பீப்பாய்களைச் சுற்றி முடித்தாயிற்று, இனிமேலாவது அவர் ஓட்டுவார் என்று இறங்கப் போனேன். “நீயே ஓட்டு, வீடு வரைக்கும். இடது பக்கம் நான் பார்த்துச் சொல்றேன், நீ நேரே பார்த்தாப் போறும்” என்றார். ரோட்டிலா, பாலாநகர் லாரிகளுக்கு நடுவிலா... ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு என்றார், எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறார். கேட்டைத் தாண்டியதும் சட்டென்று இடது ஓரத்துக்கு மாற வேண்டியிருக்கிறது, இவ்வளவு நேரம் வலது வலது என்று கத்திவிட்டு இப்போது இடது, எந்த ஊரில் இருக்கிறோம் என்று கைக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ஹம்ஸினியின் போன், அவர் ஸ்பீக்கரில் போட்டார். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம், சூப்பர் அம்மா, ஈஸியே கதா, ஈஸிதானே, நீதானே அங்கே மெயின் டிரைவர் என்றாள். மெயின் டிரைவரா, நானா என்றேன். பிறகு அப்பாவிடம் பேசும்போது அவள் குரல் இறங்கியது, டாடீ, யூ ஹாவன்ட் டோல்ட் ஹெர்... அவர் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஹவ் ஹவ், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். உருதுவில் ஆமாம் போடுகிறார் என்றாலே பொய் சொல்கிறார் என்று அர்த்தம், அது எனக்கு எப்போதோ தெரியும்.

ஆக, பெண்ணுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ம்யூனிக்கில் இருக்கிறவளுக்குத் தெரிந்தது, தினமும் பக்கத்தில் படுத்துக்கொள்கிறவளுக்குத் தெரியாது... அழுகை வந்தது, அழுதால் ரோடு தெரியாது, அதனால் அழவில்லை. போயின்பள்ளி, ஒரு தண்ணீர் லாரி, அதைத் தாண்டி ஒரு ஷேர் ஆட்டோ, லெஃப்ட் க்ளியர் என்கிறார் அவர், ஒவ்வொரு திருப்பத்திலும் அதே குரல், ஆபீஸ் குரல், நானும் அந்தக் குரலை நம்பி ஒடித்துக்கொண்டே வருகிறேன், என்ன மறைத்தாலும் அந்தக் குரல் பொய் சொல்லாது என்று ஏதோ ஒரு எண்ணம். திருமுல்கேரியில் பஸ்கள் திரும்பும் இடம் வந்தது, இண்டிகேட்டர் போட்டேன், லெஃப்ட் க்ளியர் என்றார், ஒடித்தேன்.

கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஸ்கூட்டர். எப்படி பிரேக்கையும் கிளட்சையும் மிதித்தேன் என்று தெரியவில்லை, இடது கால் இருப்பதை மறக்காமல் இருந்தது நல்லதாயிற்று, வண்டி குலுங்கி நின்றது, ஸ்கூட்டர்காரன் காலை ஊன்றி, கதவை உரசிக்கொண்டு, விழாமல் நின்றான். முன்னால் ஒரு பெண் குழந்தையை நிற்கவைத்திருந்தான். “கைக்கு அம்மா, நஸர் நை ஆதா க்யா?” என்று கேட்டான், ஏனம்மா, கண் தெரியவில்லையா என்று. நான் அவனைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தேன். ஸ்கூட்டர் இவருடைய ஜன்னலை ஒட்டி நிற்கிறது, குழந்தையின் கை கண்ணாடியில் பதிந்திருக்கிறது, இவர் கழுத்தை மெதுவாகத் திருப்பி, இன்னும் திருப்பி, உடம்பையும் திருப்பி, அப்போதுதான் அந்தக் குழந்தையைப் பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவன் ஏதோ திட்டிக்கொண்டே போய்விட்டான், பின்னால் பஸ் ஹார்ன் அடித்தது, ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

கல்யாணமானதிலிருந்து கேட்காத கேள்வியைக் கேட்டேன். “என்ன ஆச்சு உங்களுக்கு?”

கைக்குட்டையை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா மூடிண்டு வர்றது, பத்மா. கண்ணுல பிரஷராம். போனது திரும்ப வராது, இருக்கறதைக் காப்பாத்தலாங்கறார் டாக்டர். வண்டியைத் தொடவே கூடாதுன்னுட்டார்.” திரும்பித்தான் பார்த்தேன், யாரும் இல்லேன்னுதான் நினைச்சேன், என்று இரண்டு தடவை சொன்னார், என்னிடமா, அந்தக் குழந்தையிடமா தெரியவில்லை. அப்படியானால் இந்தப் பயணமே எதற்கு, கான்சல் பண்ணிவிடலாமே என்றேன். அதற்கு மட்டும் அவசரமாகத் தலையை ஆட்டினார். “மலை எதிர்த்தாப்பலதானே இருக்கும். எதிர்ல இருக்கறது எனக்கு நன்னாத் தெரியறது.”

மறுபடி கிளம்பினேன், இந்தத் தடவை இரண்டு பக்கமும் நானே பார்த்து. கோபம் வந்தது, நன்றாகவே வந்தது, என்னிடம் சொன்னால் என்ன, நான் என்ன அந்நிய நாட்டு உளவாளியா... உடனே அந்தக் கூலிங் கிளாஸ் ஞாபகம் வந்தது, கண்ணில் மருந்து விட்டுப் பார்த்திருப்பார்கள், வெளிச்சம் தாங்காமல் தடுமாறிக்கொண்டு தனியாக வந்திருப்பார், நான் கதவைத் திறந்து முறைத்திருக்கிறேன். மணலைப் பார்த்து ஊரைக் கண்டுபிடித்தவளுக்கு, பக்கத்தில் நின்றால் திடுக்கிடுகிற மனுஷனைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்றே. ஆசிரமம் இல்லை, எங்கேயும் போகப் போவதில்லை, எங்கே போக முடியும் இனிமேல், என்னிடம்தான் இருப்பார். அப்படி நினைத்ததில் ஒரு நிம்மதி வந்தது, இதில் போய் நிம்மதியா என்று அதை விரட்டினேன்.

ராணுவ நிலத்து நீள மதிலை ஒட்டி ரோடு காலியாகக் கிடந்தது. சென்னையில் ஒரு பெரிய டாக்டர் இருக்கிறாராம், ஹம்ஸினி நேரம் வாங்கியிருக்கிறாளாம். “அவர் பார்த்துட்டு, பரவாயில்லை ஓட்டலாம்னு சொன்னாலும் சொல்லுவார். அப்புறம் உனக்கு இந்தக் கஷ்டம் இல்லை” என்றார். சொல்லுவார்னா, நிச்சயம் சொல்லுவார், என்று நான் உடனே சொல்லியிருக்க வேண்டும், எந்தப் பெண்டாட்டியும் சொல்லியிருப்பாள், வார்த்தை வாய் வரை வந்து நின்றுவிட்டது. நாலாவது கியருக்கு மாற்றினேன். இரைச்சல் அடங்கி வண்டி லேசாகப் போனது, ஜன்னல் வழியாக வேப்பம்பூ வாசனை, கையில் கொஞ்சம் கூட நடுக்கம் இல்லை... எந்தக் கஷ்டத்தைச் சொல்கிறார் இவர்? அவர் கண்ணுக்காக இன்றைக்கே வேண்டிக்கொள்ள வேண்டும், வெள்ளிக் கண் செய்து போடுவதாக, இரண்டு கண்ணும் முழுசாகத் திரும்பிவிட வேண்டும், பழையபடி எல்லாம்... பழையபடி என்றால், நீ உட்காரு பத்மா, நான் ஓட்டறேன்? வேண்டிக்கொள்வேன், கட்டாயம் வேண்டிக்கொள்வேன், ஆனால் மனசார வேண்டிக்கொள்வேனா?

“என்ன, பேசாம வரே?” என்றார், உடம்பை முழுசாக என் பக்கம் திருப்பிக்கொண்டு.

ரோட்டைப் பார்த்து ஓட்ட வேண்டாமா என்றேன்.