பழசு என்று முடியும் ஃபைல்கள்

சென்னியப்பன் சித்ரகலாவை மட்டும்தான் அம்மணி என்பார். ஆடி பிறந்ததிலிருந்து அபிராமியையும் அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்.

நல்லூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். கம்ப்யூட்டர் அறையில் சித்ரகலாவும் அபிராமியும் இரண்டே பேர். பெருமாநல்லூரில் கட்டிவந்த புது யூனிட்டின் கம்ப்யூட்டர் பொறுப்புக்கு ஒருத்தியை அனுப்பப்போகிறார். அது தனக்குத்தான் என்று சித்ரகலா வீட்டில் சொல்லி வைத்திருந்தாள். அபிராமி கோவில்பட்டியிலிருந்து நேற்று வந்தவள். சர்வருக்குள் நுழையவே சித்ரகலாதான் சொல்லிக்கொடுத்தாள்.

சர்வர் நிரம்பிவிட்டது. துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் ஃபைல்கள். சரக்கு வாங்கும் பையர் அளவை மாற்றினால், இருக்கிற ஃபைலின் பெயருக்குப் பின்னால் ஓர் இடம் விட்டு 'பழசு' என்று சேர்ப்பது அங்கே வழக்கம். புதிய அளவு வெறும் பெயரை எடுத்துக்கொள்ளும். 'காலர்' நடப்பில் உள்ளது. 'காலர் பழசு' கழித்தது. அப்படி ஒரு பழசு இல்லாத பேட்டர்னே அங்கே இல்லை. கழித்ததையெல்லாம் அழிக்கச் சொன்னார் சென்னியப்பன்.

சித்ரகலா முந்திக்கொண்டாள். பழசு என்று முடியும் பெயர்களை எடுத்து, ஒரு கட்டளை தருவதை அடுத்த கட்டளைக்குள் ஊற்றும் பைப் ஒன்றைப் போட்டு, rm என்ற அழிக்கும் கட்டளைக்குள் விட்டாள். ஒன்றும் அழியவில்லை. எதை அழிக்க என்று திரை கேட்டது.

பின்னால் நின்ற அபிராமி சிரித்துவிட்டாள். "பைப்புல ஊத்துனா அது குடிக்காதுக்கா. sort, grep மாதிரி கட்டளைங்க குடிக்கும். rm-க்குப் பேரைப் பக்கத்துல எழுதிக் குடுக்கணும்லா. நடுவுல xargs-ஐ நிறுத்துங்க. பைப்புல வர்ற பேரை வாங்கி அதுவே rm பக்கத்துல வச்சிரும்."

"அட, அம்மணி!" என்றார் சென்னியப்பன். "சனிக்கிழமை நீயே முடிச்சுரு. சித்ரகலா, நீயும் பக்கத்துல நின்னு பாத்துக்க கண்ணு."

சித்ரகலாவின் காது சுட்டது.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு வேளையில் அறை காலியாக இருந்தது. சித்ரகலா பேட்டர்ன் ஃபைல்களைத் தன் கம்ப்யூட்டரில் இரண்டு காப்பி எடுத்தாள். ஒன்றில் அபிராமி சொன்னபடியே ஓட்டினாள். குற்றம் கண்டுபிடிக்கத்தான் ஓட்டினாள். கிடைத்தது. xargs இடம் விட்ட இடத்தில் பெயரை முறித்தது. 'காலர்' ஒரு பெயர், 'பழசு' ஒரு பெயர். பழசு என்று தனியாக எதுவும் இல்லை. காலர் இருந்தது. அது அழிந்தது. நடப்பில் இருந்தவை போய், கழித்தவை மட்டும் மிஞ்சின.

அன்றைக்குத் தயிர்சோறு ருசித்தது.

சனிக்கிழமை அபிராமி கட்டளையைத் தட்டினாள். அது இல்லை இது இல்லை என்று முணுமுணுக்காமல் அழிக்கட்டும் என்று rm-உடன் -f சேர்த்தாள். சொல்லிவிடலாம் என்று சித்ரகலா வாயைத் திறந்தாள்.

"அம்மணிக்குக் கைராசி" என்றார் சென்னியப்பன்.

சித்ரகலா வாயை மூடிக்கொண்டாள். அபிராமி என்டரை அழுத்தினாள்.

சற்று நேரத்தில் துணி வெட்டும் கட்டிங் பிரிவிலிருந்து போன் வந்தது. ஒரு பேட்டர்னும் திறக்கவில்லை. அபிராமி ஃபைல்களைப் பார்த்தாள். எல்லாம் பழசு.

"துணி விரிச்சு வெச்சிருக்கறாங்களே" என்றார் சென்னியப்பன்.

"எங்கிட்ட ஒரு காப்பி இருக்குதுங்க" என்றாள் சித்ரகலா. நேற்றிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

காப்பியைத் திரும்பப் போட்டாள். கட்டிங்கில் வேலை ஓடியது.

"பெருமாநல்லூருக்கு நீதான் அம்மணி" என்று சொல்லிவிட்டு சென்னியப்பன் கிளம்பினார்.

அபிராமி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "உசுரைக் காப்பாத்துனீங்கக்கா. நீங்க மட்டும் இல்லன்னா..." அபிராமியின் கண் சித்ரகலாவின் திரைக்குப் போனது. அங்கே இரண்டு காப்பிகள் இருந்தன. ஒன்றில் எல்லாம் இருந்தன. மற்றதில் பழசு மட்டும் இருந்தது. பக்கத்தில் நேற்றைய தேதி.

கை விலகியது.

"நேத்தே ஓட்டிப் பாத்துட்டீங்களாக்கா?"

கதவு வரை போயிருந்த சென்னியப்பன் நின்றார். திரும்பி வந்து திரையைக் குனிந்து பார்த்தார். அவருக்கு xargs தெரியாது. தேதி தெரியும்.

"சொல்லுங்க சித்ரகலா" என்றார். "இது என்னதுங்க?"