கொமாண்டர் சங்கரிக்கு எழுநூறு சொல்

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல. எங்கள் மெல்பேர்ண் தமிழ்ச் சங்கச் செயலாளர் யோகேஸ்வரன் அங்கிள் கேட்டு வந்தது.

"தம்பி, அடுத்த கிழமைச் சனிக்கிழமை ரோவில் மண்டபத்தில கொமாண்டர் சங்கரிக்குப் பொன்னாடை போர்த்திறம். நீர்தானே எழுதுறனீர். அவவைப் பற்றி எழுநூறு சொல்லில எழுதி மேடையில வாசியும். அதுக்கு மேல போகாதையும், பிறகு கொத்துரொட்டி ஆறிப்போகும்."

'எழுதுறனீர்' என்ற சொல்லை அங்கிள் ஒரு தோல் வியாதியின் பெயரைப்போலத்தான் சொல்லுவார். மெல்பேர்ணின் புறநகர் ட்ருகனினாவில் ஒரு பண்டகசாலையில் பெட்டி அடுக்குவது என் தொழில். எழுத்து மிச்ச நேரத்தில்.

முதல் தொடக்கம்: "கடலன்னையின் மடியில் தவழ்ந்து, வானத்தை வென்ற வீரத் தமிழ்ப் பெண்ணே..."

வெட்டிவிட்டேன். அவர் தவழ்ந்தது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், சீமெந்துத் தரையில்.

இரண்டாவது தொடக்கம்: "எட்டு வயதில் மெல்பேர்ணுக்கு வந்த சிறுமி ஒருநாள் அண்ணாந்து பார்த்தபோது..."

இதுவும் வேண்டாம். சிறுமிகள் அண்ணாந்து பார்க்கும் கட்டுரைகளை நீங்களும் நானும் போதுமான அளவு வாசித்திருக்கிறோம்.

2

சரி, தகவல்கள். பத்தொன்பது வயதில் அவுஸ்திரேலியக் கடற்படையில் சேர்ந்தார். ஹெலிகொப்டர் விமானி. ஆடுகிற கப்பலின் பின்தளத்தில், மழைக்குள், சின்னதொரு வட்டத்துக்குள் இறக்குவார். இருபத்தொரு வருடம் முழுநேரம். அதன் பிறகு ரிசேர்வ்: வருடத்தில் நூறு நாள் சீருடை, மிச்ச நாள் ரோவிலில் புல்லு வெட்டலாம். அடுத்த மாதம் கப்டனாகப் பதவி உயர்வு.

(அடிக்குறிப்பு போல ஒன்று: அழைப்பிதழின் முதல் பிரதியில் 'கொமாண்டர் மகாதேவன்' என்று அச்சாகிவிட்டது. மகாதேவன் சங்கரியக்காவின் கணவர், பல் வைத்தியர், படகில் ஏறினால் வாந்தி எடுப்பவர். "நேவி எண்டதும் மனிசன்தான் எண்டு நினைச்சுப் போட்டன்" என்றார் அங்கிள். முந்நூறு பிரதி.)

3

என் பிரச்சினை வேறு. இந்தப் பாத்திரத்தில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லாதவரை வைத்து வாழ்த்துப்பா எழுதலாம்; கதை எழுத முடியாது. ஆகவே பத்து நாளைக்கு முன், அவருடைய குசினியில், அவர் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் கேட்டேன்.

"ஒரு பிழையும் விடேல்லையோ அக்கா?"

கத்தியைப் பலகையில் வைத்தார்.

"பதின்மூண்டு வருசத்துக்கு முந்தி, அவுஸ்திரேலியாவுக்கு வடக்கால கடலில ஒரு அகதி வள்ளம். உயரத்தில நிண்டு ஆக்களை எண்ணிச் சொன்னால் காணும், கப்பல் வந்து ஏத்தும். நான் பதிஞ்சு போனனான். அறுபது அடி."

"ஏன்?"

"எங்கட சனமோ எண்டு பாக்கத்தான்."

வெட்டிய கத்தரிக்காயைத் தண்ணீருக்குள் போட்டார்.

"பாத்த உடன தெரிஞ்சிட்டுது. ஹெலி பதிய, எல்லாரும் தலையைப் பொத்திக்கொண்டு குப்புறப் படுத்திட்டினம். ஊரில ஹெலியால சூடு வாங்கின எங்கட சனத்தைத் தவிர வேற ஆர் அப்பிடிப் படுப்பினம்? நான் அதை யோசிச்சிருக்க வேணும். தலையைப் பொத்தக் கையெடுத்த ஒருத்தற்ற மஞ்சள் பை காத்தில பறந்து கடலுக்குள்ள போட்டுது. அவர் பின்னால குதிக்கப் பாத்தவர். நாலு பேர் இழுத்துப் பிடிச்சவை."

ஆட்களைக் கப்பல் பத்திரமாக ஏற்றியது. அறிக்கையில் சங்கரியக்கா, விதி சொல்கிறபடி, இருநூறு அடி என்று எழுதினார். பையைப் பற்றி எழுதவில்லை.

"இது உமக்குச் சொன்னது தம்பி. மேடைக்கு இல்லை, என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். உள்ளே எழுத்தாளன் துள்ளிக் குதித்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் குதித்தான்.

4

ஏனென்றால் அந்தப் பைக்காரனை எனக்குத் தெரியும்.

கபிலன். என்னோடு அதே ஷிப்டில் போர்க்லிப்ட் ஓட்டுகிறான். தேத்தண்ணி நேரம் எல்லாம் இதே கதைதான். பைக்குள் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, செத்துப்போன தமையனின் மரணச் சான்றிதழ். பிறகு வில்லாவுட் தடுப்பு முகாமில் இரண்டு வருடம். இன்றுவரை தற்காலிக விசா. அக்கா சொன்னதற்கு மறுநாளும் அதே புலம்பல்:

"நானே கடலுக்க எறிஞ்சு போட்டுப் பொய் சொல்லுறன் எண்டு இமிகிரேசன்காரர் நினைக்கினம் அண்ணை. அந்த ஹெலி ஏன் அவ்வளவு பதிஞ்சது?"

[இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் உடனே வாயைத் திறந்திருப்பான். நான் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தேன்.]

காரணம் சொல்கிறேன், துப்புவதென்றால் பிறகு துப்புங்கள். சங்கரியக்காவுக்குப் பொன்னாடை போர்த்த அங்கிள் தெரிவுசெய்திருப்பது கபிலனை. "கடலால வந்த பிள்ளை, கடலைக் காக்கிறவவுக்குப் போர்த்தட்டும். எப்பிடி ஐடியா?" அருமையான ஐடியா அங்கிள். இப்படி ஓர் உச்சக்கட்டம் எந்த எழுத்தாளனுக்குக் கிடைக்கும்? பத்து நாளாகப் பொத்தி வைத்திருந்தேன்.

5

முடிவு அ: மேடையில் எல்லாவற்றையும் வாசிக்கிறேன். கபிலனின் கையிலிருந்து பொன்னாடை நழுவுகிறது. மண்டபம் அழுகிறது. நான் கொடுத்த வாக்கு கொத்துரொட்டியோடு போகிறது.

முடிவு ஆ: வாசிக்கவில்லை. கைதட்டல். குழுப்படம்.

முடிவு இ: போர்த்தும்போது இருவரின் கண்களும் சந்திக்க, சங்கரியக்கா மெல்ல...

இந்த வசனத்தை இன்று காலை, தேத்தண்ணி நேரத்தில், கைபேசியில் எழுதிக்கொண்டிருந்தேன். கபிலன் வந்து பக்கத்தில் இருந்தான்.

"அண்ணை, விசா இன்ரவியூவை முன்னுக்கு எடுத்திட்டாங்கள். நாளைக்குக் காலமை. இதுதான் கடைசி எண்டு லோயர் சொல்லுறா. வள்ளத்தில வந்தவை இல்லை, வெளியில நிண்டு பை பறந்ததைக் கண்ட ஒருத்தர் எழுதித் தந்தால் காணுமாம். கடலுக்க ஆரண்ணை கண்டது?"

நாளை வெள்ளி. விழா சனி. என் மூன்று முடிவுகளும் ஒரு நாள் பிந்தித்தான் வருகின்றன.

6

கார்ப் பார்க்கில் நின்று அழைத்தேன்.

"சொல்லும் தம்பி. எழுதி முடிஞ்சுதோ?"

"இல்லை அக்கா. அந்த மஞ்சள் பைக்காரரை எனக்குத் தெரியும்."

நாளைக்கு என்ன நடக்கப்போகிறது என்று சொன்னேன். பத்து நாள் சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன். அவர் எழுத வேண்டியது ஒரு பக்கக் கடிதம். பை ஏன் பறந்தது என்பதற்கு அதில் 'அறுபது அடி' என்று வரவேண்டும். வந்தால் கப்டன் பதவி போகலாம், இருக்கிற பதவியும் போகலாம். வராவிட்டால் கபிலனை நாட்டைவிட்டு அனுப்பலாம்.

கடைசியில் கேட்டார்:

"அவற்ற பேர் என்ன?"

சொன்னேன்.

இதற்கு மேல் எழுதமாட்டேன். இரண்டு பேரின் வாழ்க்கையைப் பத்து நாள் பொத்தி வைத்திருந்தவனுக்கு முடிவு எழுதும் உரிமை இல்லை. அவர் அடுத்து என்ன சொன்னார் என்பதை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் ஒன்று, அறுபது அடிக்கு இறங்கி வந்து சொல்லுங்கள். இருநூறில் நின்று யாரும் சொல்லலாம்.