அரைச்சுற்று

விடியுமுன் பெய்த மழை ஓய்ந்து, ஈரங்காயாக் கூரைகளின்மேல் இளவெயில் ஏறிக்கொண்டிருக்க, வண்டிகளும் வழிப்போக்கரும் நெருக்கும் தெருவொன்றின் முனையில் நெடுஞ்சுவர் எழுப்பி நின்ற தச்சுக்கூடம், தன் அகன்ற கதவுகளைத் திறந்து மரத்தூளின் மணத்தைத் தெருவெங்கும் வாரி வழங்கிய காலை வேளை அது. அறுத்தடுக்கிய பலகைகள் ஒருபாலும் சுருண்டு விழுந்த சீவல்கள் ஒருபாலும் கிடக்க, வாளின் ஓசையும் கொட்டாப்புளியின் ஓசையும் ஒன்றையொன்று முந்த முயன்றன. அன்பரே, அக்கூடத்தில் முந்த முயன்றவை ஓசைகள் மட்டும் அல்ல.

இருபது ஆண்டு அங்கே உளிபிடித்த மூத்த தச்சன் ஒருவன் இருந்தான். அவன் மனைவியின் தங்கையை மணந்த இளையவனும் அங்கேயே பணிசெய்தான். வேலையின்றித் திரிந்த அவனைக் கூட்டிவந்து சேர்த்தவனே மூத்தவன்தான். ஐந்தே ஆண்டில், மரத்தைப்பற்றி எவருக்கு ஐயம் எழுந்தாலும் இளையவனைத் தேடிப் போகலாயினர். வீட்டிலும் விடுதலை இல்லை. சோற்றைப் பரிமாறியபடியே மனைவி, "தங்கச்சி வீட்டுக்காரர் செஞ்ச அலமாரியைப் பாத்தீங்களா? சாத்தினா சத்தமே இல்ல. நம்ம வீட்டுக் கதவு தெருவுக்கே கேக்குது" என்பாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று அவன் வயிறு எரியும். அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

இவ்வாறிருக்க, புதிதாய் எழும் மன்றமொன்றின் கூரைக்கு, மெல்லிய பலகைகளை அடுக்கிப் பசையால் ஒட்டி ஆக்கும் பெருவிட்டங்கள் பன்னிரண்டு வேண்டுமென ஓலை வந்தது. கூடத்துக்குரிய அம்மையார் இருவரையும் அழைத்தார். "ஆளுக்கு ஒரு விட்டம் செய்ங்க. மேல மணல் மூட்டை ஏத்திப் பாக்கலாம். யாரோடது அதிகம் தாங்குதோ, அவர்தான் இந்த வேலைக்குத் தலைமை" என்றார். இளையவனுக்குக் கீழே நின்று ஏவல் கேட்பதைக் காட்டிலும் உளியைத் தெருவில் எறிந்துவிட்டுப் போவதே மேல் என்று மூத்தவன் எண்ணினான்.

நன்கு இழைத்த பலகைகள் இழையோடு இழை பொருந்தப் பசையிட்டு ஒட்டினால், அப்பொருத்து மரத்தினும் வலிதாகும். சுமை மிகுந்தால் மரம் முறியுமேயன்றிப் பொருத்து முறியாது. ஆயினும் இறுக்கத்துக்கு ஓர் அளவு உண்டு. குறைந்தால் இடைவெளி தங்கும். மிகுந்தால் பசை முழுதும் பிதுங்கி வெளியேறிப் பொருத்து பட்டினி கிடக்கும். இருபது ஆண்டு அறிந்திருந்த இதனை அவன் அன்று மறந்தான். ஒட்டிய பலகைகளைத் திருகுகளால் நெருக்கிப் பிடிக்கும் இறுக்குசட்டம் ஒன்றே இருந்தமையால் முதல்நாள் முறை அவனுடையதாக, ஒவ்வொரு திருகிலும் இளையவன் முகத்தையே கண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினான். பசை வழிந்து தரையில் சொட்டியது. அதையும் வலிமையின் அடையாளமென்றே கருதி மகிழ்ந்தான்.

மறுநாள் இளையவன் தன் விட்டத்தை ஒட்டி, எட்டுத் திருகுகளையும் இறுக்கிவிட்டுக் கைகழுவக் கொல்லைப்புறம் சென்றான். கூடத்தில் வேறெவரும் இல்லை. பசை இன்னும் உலரவில்லை. மூத்தவன் நெருங்கி, எட்டுத் திருகுகளையும் அரைச்சுற்றுத் தளர்த்தினான். இன்னும் ஒருமுறை சுற்றிவந்து முற்றும் தளர்த்திவிட அவன் முதல் திருகில் மீண்டும் கைவைத்தபோது காலடி கேட்டது. சட்டெனத் துடைப்பத்தை எடுத்துத் தரையைப் பெருக்கலானான். இருபது ஆண்டில் அவன் கூடம் பெருக்கியது அன்றுதான்.

மூன்றாம் நாள் சுமை ஏறியது. மூத்தவனின் விட்டம் முப்பதாம் மூட்டையில் பொருத்துவழியே படாரெனப் பிளந்தது. பிளந்த முகத்தை விரலால் தடவிய அம்மையார், "பசையே இல்லையேப்பா! அத்தனையும் பிழிஞ்சு வெளிய தள்ளிட்டீங்களே" என்றார். இளையவனுடையதோ எழுபதைத் தாங்கி, பின்னரே நார்நாராய்க் கிழிந்து முறிந்தது. முறிந்தது மரம், பொருத்து ஒன்றும் விடவில்லை.

அனைவரும் ஆரவாரிக்க, இளையவன் கைகாட்டி நிறுத்தினான். "இது என் திறமை இல்லம்மா. அண்ணன் முறுக்கினதை எண்ணிப் பாத்து நானும் அதே அளவு முறுக்கி, திருகுல சுண்ணக்கோடு போட்டு வச்சேன். திரும்பி வந்து பாத்தா எல்லாக் கோடும் அரைச்சுற்றுப் பின்னால போயிருக்கு. பக்கத்துல அண்ணன் மட்டும்தான் நின்னார், காரணம் இருக்கும்னு அப்படியே விட்டுட்டேன். தன்னோடது இறுகிப்போன பிறகுதான் தப்பு தெரிஞ்சிருக்கும்போல. தன்னோடதைக் காப்பாத்த முடியல, என்னோடதைக் காப்பாத்திட்டார். சொல்லிக்காட்டக்கூட இல்ல. தலைமை அவருக்குத்தான் கொடுக்கணும்."

இகழ்ச்சியைத் தாங்கும் நெஞ்சு மூத்தவனுக்கு இருந்தது. இப்புகழ்ச்சியைத் தாங்க இல்லை. "நிறுத்துடா!" என்று கத்தினான். "உன்னைக் காப்பாத்த இல்ல. கெடுக்கத்தான் தளர்த்தினேன். வயித்தெரிச்சல்! முழுசாத் தளர்த்தறதுக்குள்ள நீ வந்து தொலைச்சிட்ட!"

இளையவன் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தீங்களா அம்மா? புகழ்ந்தா அண்ணனுக்குக் கோவம் வந்துடும்!" என்றான். அம்மையாரும் சிரித்து, தலைமைக்கு அடையாளமாக விட்டங்களின் வரைபடத்தை மூத்தவன் கையில் திணித்தார். அவன் சொன்ன ஒரே உண்மையை நம்புவார் அங்கே எவரும் இல்லை.

பன்னிரண்டு விட்டங்களும் எழுந்தன, மன்றம் நிமிர்ந்தது. ஒவ்வொரு விட்டத்தை ஒட்டியபோதும் இளையவன், "அண்ணா, உங்க கை ஒருதடவை பட்டாத்தான் எனக்கு நிம்மதி" என்று அழைத்தான். மூத்தவனும் சென்று திருகுகளைத் தொட்டுப் பார்த்தான். அன்பரே, அந்நாள் தொட்டு அவன் இளையவனைக் கண்டு பொறாமை கொண்டதில்லை. தன் பெயரைச் சுமந்து, தன் முகத்தைத் தாங்கி, இளையவன் நெஞ்சிலே குறையின்றி வாழ்ந்த அந்த நல்ல அண்ணன்மேல்தான், வாழ்நாள் முழுதும் அவனுக்குத் தீராப் பொறாமை.