சாத்துக்குட்டி மாஷ் ஒத்துக்கொண்ட நாவல்

"சாத்துக்குட்டி மாஷ் ஒரே ஒரு தடவை, நான் சொன்னதை ஒத்துக்கிட்டாரு" என்று அனந்தக் குறுப்பு ஒலிபெருக்கியில் சொன்னதுதான் தாமதம், வாசகசாலைக் கூரை ஓடெல்லாம் ஓரங்குலம் எழும்பி உட்கார்ந்தது. பழைய பள்ளிக்கூட வாத்தியாரான மாஷின் நினைவுக் கூட்டம் என்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. பருப்பு வடையைக் கடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. மாலை போட்ட படத்திலிருந்து மாஷே இறங்கிவந்து "பொய்" என்று சொல்லிவிடுவார் என்பதுபோல, பலர் படத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

குறுப்பு சொன்ன மற்றதையெல்லாம் ஊர் ஒருமாதிரி ஜீரணித்திருந்தது. மின்சார வாரிய வேலையில் இருந்தபோது கம்பத்தின் உச்சியிலேயே உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்து முடித்தார், அதுவரை கீழே இரண்டு பஞ்சாயத்துகள் இருட்டில் கிடந்தன என்றால், சரி, கிடந்திருக்கும். திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் அவர் அழுத அழுகைக்கு முன்வரிசைக்காரர் குடை பிடித்தார் என்றால், பிடித்துவிட்டுப் போகட்டும். ஆனால் சாத்துக்குட்டி மாஷ் ஒத்துக்கொண்டாரா? ஊரை ஒட்டி ஓடும் வளபட்டணம் புழை மலையேறி ஓடியது என்று சொல்லியிருந்தால்கூட நாலு பேர் நம்பியிருப்பார்கள்.

அந்த வாசகசாலையில் மாதத்தின் முதல் ஞாயிறு சாயங்காலம் ஒரு வழக்கம். ஒருவர் எழுந்து, சமீபத்தில் தான் ரசித்த நாவலையோ சினிமாவையோ பற்றிச் சொல்ல வேண்டும். இன்னொருவர் எழுந்து அதை மறுக்க வேண்டும். பல வருஷமாகச் சொல்பவர் குறுப்பு, மறுப்பவர் மாஷ். வேறு யாருக்கும் வாய்ப்பே கிடைத்ததில்லை, யாரும் கேட்டதுமில்லை. இந்தச் சண்டையைப் பார்க்கத்தான் பக்கத்து ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள்.

"மாஷே, அந்தக் கழுதை அப்படியே நிக்குது, பேசாம நிக்குது. பார்க்கப் பார்க்க என் நெஞ்சு வெடிச்சுப் போச்சு" என்பார் குறுப்பு, ஏதோ வெளிநாட்டுப் படத்தைப் பற்றி.

"எடோ குறுப்பே, படத்துல ஒழுங்கா நடிச்சது அது ஒண்ணுதான். டைரக்டரும் அதே மாதிரி சும்மா நின்னிருந்தா நமக்கு டிக்கெட் காசு மிச்சம்."

"உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு. அதை நீ பார்க்கிற படத்துக்கெல்லாம் கூட்டிட்டுப் போறதில்ல."

சண்டை முடிந்ததும் இருவரும் ஒரே குடையில் வீட்டுக்குப் போவார்கள். பாதி வழியில் மறுபடி ஆரம்பிக்கும்.

இப்போது கூட்டம் சிரித்து ஓய்ந்தது. குறுப்பு சிரிக்கவில்லை. ஊர் நம்பாதது அவருக்குப் புதிதல்ல. அவர் கண் முதல் வரிசையில் இருந்தது. அங்கே மாஷின் மனைவி கௌசல்யா டீச்சர், பாலில்லாத கட்டஞ்சாயாவைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். இந்த ஒரு ஆள் நம்பினால் போதும். டீச்சரும் கைவிட்டால், நடந்ததற்குச் சாட்சி தன் வாய் மட்டும்தான். அந்த வாயின் மதிப்பு ஊரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

"குறுப்பேட்டா, இன்னிக்காவது வேணாம்" என்றார் டீச்சர். "குழம்புல உப்பு சரியா இருக்குன்னுகூட எங்கிட்ட ஒத்துக்காத மனுஷன். உங்ககிட்ட ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டாரு டீச்சரே. உங்க வீட்ல, நடு அறையில."

"அப்படி ஒண்ணும் நடக்கல."

கூட்டத்தில் யாரோ, "மாஷ் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் நம்புவோம்" என்று குரல் கொடுத்தார்கள். மறுபடி சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

மாஷுக்குக் கண் மங்கிப் படிக்க முடியாமல் போனபோது குறுப்புதான் தினமும் மத்தியானம் போய்ப் படித்துக் காட்டினார். கடைசியாகப் படித்தது ஒரு புதுப் பையன் எழுதிய நாவல். பேப்பூரிலிருந்து கப்பலேறிய சமையல்காரன் ஒருவன், வயதாகி ஊர் திரும்புகிறான். ஆடாத தரையில் அவனுக்குத் தூக்கம் வரவில்லை. கடைசியில் கரையில் கட்டிக்கிடக்கும் ஒரு தோணியில் போய்ப் படுத்துக்கொள்கிறான். குறுப்புக்கு அந்த நாவல் உயிர். தானே படித்தபோது மூன்று வேட்டி நனைய அழுததாகச் சொல்வார். உண்மையில் அழுதது கொஞ்சம்தான். ஆனால் அழுதார்.

"மாஷ் சொன்னாருன்னே வெச்சுக்குவோம்" என்றார் டீச்சர். குரல் ஏறியது. "அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க? அதையும் மைக்ல சொல்லுங்க."

குறுப்பு மைக்கைக் கீழே வைத்தார். பெரிதாக்கிச் சொல்ல இதில் ஒன்றும் இல்லை.

"கடைசிப் பக்கத்தைப் படிச்சு முடிச்சேன். மாஷ், 'நல்லாருக்குடோ. அந்த ஆள் தோணியில கை வெச்சுப் பார்க்கிற இடம் நல்லாருக்கு'ன்னாரு. என்னைக் கேலி பண்றாருன்னு நினைச்சேன். இல்லேன்னா, சாகப்போற மனுஷன் போனாப் போகுதுன்னு எனக்குப் பிச்சை போடுறாருன்னு நினைச்சேன். ரெண்டையும் தாங்க முடியல."

"அதனால?"

"நான் மறுத்தேன். 'என்ன நல்லாருக்கு? குப்பை. சமையல்காரன் எவனாவது தோணிக்குப் போவானா? நேரா அடுக்களைக்குத்தான் போவான். முடிவே பொய்'னு கத்தினேன். எனக்கு உயிரான நாவலை. மாஷ், 'இல்லடோ, நீ சொன்னதுதான் சரி, நல்ல நாவல்'னு மறுபடியும் சொன்னாரு. நான் விடல. புஸ்தகத்தைக் கட்டில்ல எறிஞ்சுட்டு வந்துட்டேன். மறுநாள் போகல. அதுக்கு மறுநாளும் போகல. அவரே கூப்பிட்டு அனுப்புவாரு, 'வாடோ, அந்த நாவல் குப்பைதான்'னு சொல்வாரு, அப்பப் போகலாம்னு இருந்தேன்."

வெளியே புழையில் மணல் தோணிக்காரன் எவனோ யாரையோ கூப்பிடுவது கேட்டது.

"அவரு கூப்பிடல" என்றார் குறுப்பு. "பொய் சொல்ல அவருக்கு வராதே."

கௌசல்யா டீச்சர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கூட்டத்தைப் பார்க்கவில்லை, குறுப்பைத்தான் பார்த்தார்.

"ரெண்டு பேர் சாயாவையும் எடுத்துக்கிட்டு வாசப்படியில நின்னுட்டிருந்தேன்" என்றார். "நீங்க என்னை இடிச்சுக்கிட்டுப் போனீங்க. அவரு அப்புறம் ஒவ்வொரு மத்தியானமும், நீங்க வருவீங்கன்னு, கேட்டைத் திறந்து வைக்கச் சொன்னாரு. நீங்க வராத கோவத்துலதான் நடக்கலன்னேன். நடந்துச்சு குறுப்பேட்டா. அவரு ஒத்துக்கிட்டாரு. என் காதாலயே கேட்டேன்."