ஆடு தின்ற மல்லி

லோகநாயகி பூப்பையைத் திறந்தபோது உள்ளே பூ இல்லை. ஒரு ஈரத்துண்டு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

சிதம்பரத்தில் வித்யாவின் வீட்டுக் கூடத்தில் எல்லாரும் பையை எட்டிப் பார்த்தார்கள். அன்று பூ வைக்கிற நாள். மாப்பிள்ளை சுரேந்தரின் அக்கா என்ற முறையில் லோகநாயகிதான் பெண்ணுக்குப் பூ வைக்க வேண்டும். பூப்பை தரையில் படக்கூடாது, பெண் குழந்தை மடியில் வந்தால் விசேஷம் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். அதனால் கடலூர் முதுநகரில் வேன் ஏறும்போதே சுரேந்தரின் ஆறு வயது மகள் சிந்துஜாவின் மடியில் பையை வைத்தவளும் லோகநாயகிதான்.

சாவு வீட்டில்தான் ஈரத்துணியோடு நிற்பார்கள். நல்ல காரியத்தில் அதைப் பார்த்ததும் லோகநாயகி சிந்துஜாவின் பக்கம் திரும்பினாள். பூ எங்கே என்று கேட்டாள். ஆடு தின்றுவிட்டது என்றாள் சிந்துஜா. புதுச்சத்திரத்தில் பெரியவர்கள் டீ குடிக்க இறங்கிய நேரத்தில், வேன் ஜன்னல் வழியாக அவளே ஊட்டியிருக்கிறாள். வித்யாவுக்கான மல்லி, தனக்கென்று அடம்பிடித்து வாங்கிய கனகாம்பரம், எல்லாமே.

லோகநாயகி அடிக்கக் கை ஓங்குவதற்குள் வித்யா குழந்தையைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள்.

இந்தக் குழந்தை அவளுக்குப் புதிதல்ல. அண்ணாமலை நகரில் உளவியல் ஆராய்ச்சி செய்கிறவள் வித்யா. போன வருஷம் அதற்காக முதுநகரில் ஒரு மழலையர் பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளோடு மிட்டாய் விளையாட்டு ஆடினாள். இந்தத் தட்டை எடுத்தால் உனக்கு ஒன்று, பக்கத்துப் பிள்ளைக்கு இரண்டு. அந்தத் தட்டை எடுத்தால் இருவருக்குமே இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறினார்கள். சிந்துஜா நிதானமாக யோசித்துவிட்டு, இருவருக்கும் இல்லாத தட்டை எடுத்தாள். மனைவியை இழந்த சுரேந்தர் மகளை அழைத்துப்போக வருவான். அப்படித்தான் அவனும் வித்யாவும் பழக்கமானார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு குழந்தை ஸ்ரீமுஷ்ணத்தில் அதன் தாய்மாமன் வீட்டில் வளரட்டும் என்பது லோகநாயகியின் ஏற்பாடு. வித்யாவின் அப்பா தலையாட்டினார். சுரேந்தர் வாய் திறக்கவில்லை. வித்யாவும்தான். உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதை அவள் கிளறிப் பார்க்கவில்லை.

"ஏன் சிந்து ஆட்டுக்குப் போட்ட?"

"ஒங்களுக்குக் கெடைக்கக் கூடாதுன்னு."

"ஒனக்கும்தான் இல்லாம போச்சே?"

"பரவால்ல."

"துண்டு எதுக்கு?"

"பை லேசா இருந்தா அத்தை தெறந்து பாப்பாங்க."

"நனைச்சது?"

"பூன்னா சில்லுனு இருக்கணுமில்ல."

வித்யாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கொஞ்சம் பயமும். அத்தையின் கை பையைத் தொட்டால் அத்தையின் மனது என்ன நினைக்கும் என்பது வரை இந்தச் சின்னத் தலை கணக்குப் போட்டிருக்கிறது. நாளை இது தன் கல்யாணப் பட்டுப்புடவை மீதும் திரும்பலாம்.

"ஸ்ரீமுஷ்ணம் போறது புடிக்கலியா?"

"மாமா வீட்ல ஊஞ்சல் இருக்கு. அங்கயும் புடிக்கும்."

அழுதிருந்தால், என்னை அனுப்பாதீங்க என்று கெஞ்சியிருந்தால், வித்யாவின் வேலை சுலபமாகியிருக்கும். இரங்கி அணைத்துக்கொள்ளலாம். இந்தக் குழந்தை எதையும் கேட்கவில்லை, மன்னிப்பைக்கூட. கேட்டால்தான் கொடுப்பேன் என்று தான் காத்திருந்ததுதான் இப்போது வித்யாவை உறுத்தியது.

கூடத்தில் லோகநாயகியின் குரல் உயர்ந்தது. இதற்காகத்தான் சொன்னேன், பொல்லாத புத்தி, நாளைக்கே ஸ்ரீமுஷ்ணத்தில் கொண்டுபோய் விடு என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏற்பாடு என்று இருந்தது தண்டனையாகிவிட்டது.

வித்யா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொண்ண அனுப்பறதா இருந்தா எனக்குப் பூ வைக்க வேணாம் அண்ணி."

அப்பா பதறி எழுந்தார். லோகநாயகி வித்யாவை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னிக்குப் பூவத் தின்னுச்சு. நாளைக்கு ஒன்னையே தின்னும். தெரிஞ்சிதான் பேசறியாம்மா?"

"தெரிஞ்சிதான்."

எல்லாரும் சுரேந்தரைப் பார்த்தார்கள். அவன் ஈரத்துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அது அவனுடைய துண்டுதான். எடுத்து, வாசலுக்குப் போய்ப் பிழிந்து, உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"சிந்து எங்ககூடத்தான் இருப்பா அக்கா," என்றான். "நல்ல நேரம் முடியறதுக்குள்ள கீழவீதில பூ வாங்கியாரேன்."

அவன் திரும்பி வரும்வரை லோகநாயகி வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். வந்ததும், முறை என்பதற்காக எழுந்தாள். மல்லியை வித்யாவின் பின்னலில் வைத்து, ஹேர்பின்னை வேண்டியதற்கு மேலேயே அழுத்திக் குத்தினாள். வலியில் வித்யாவின் கண் ஓரம் நீர் கட்டியது.

அத்தையின் கையையும் வித்யாவின் கண்ணையும் சிந்துஜா மாறி மாறிப் பார்த்தாள். அன்று காலையிலிருந்து முதல் முறையாக அவள் முகம் கொஞ்சம் மலர்ந்தது.