கப்பல் படத்தின் முடிவு

மலாயாவின் அலோர் காஜாவில் துணிக்கடையில் வேலை பார்த்த தனபாலனுக்குச் சினிமா என்றால் உயிர். மெட்ராஸிலிருந்து வரும் சினிமாப் பத்திரிகைகளை ஒரு வரி விடாமல் படிப்பான். யாரும் சீண்டாத பழைய படங்களைத் தேடிப் பார்த்துவிட்டு, கடைக்கு வெளியே அஞ்சடி நடைபாதையில் நின்று தபால் ஆபீஸ் ஜெயமணியோடு மணிக்கணக்கில் பேசுவான். துணி எடுக்க வரும் ரப்பர் தோட்டத்து ஜனங்களும் நின்று கேட்பார்கள். தான் பார்க்காத தமிழ்ப் படம் ஒன்று உண்டு என்று அவன் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

அது, காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரர்கள் சண்டையிட்ட அவசரகாலம். தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. சனிக்கிழமை மத்தியானக் காட்சிக்கு லாரியில் வருகிறவர்கள், படம் முடிவதற்குள் எழுந்து ஓடவேண்டும். அதனால் அவர்கள் பார்த்த எந்தப் படத்துக்கும் கடைசிப் பகுதி கிடையாது. அதைத் தனபாலன்தான் சொல்லுவான்.

ஒரு சனிக்கிழமை, ஓடாத பழைய படம் ஒன்று வந்து இரண்டே நாளில் போய்விட்டது. ரங்கூனுக்குக் கப்பலேறிய புருஷனுக்காக ஒருத்தி காத்திருக்கும் கதை. அடுத்த வாரம் குஞ்சம்மா கடைக்கு வந்தாள். ரப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரி. அவள் புருஷன் மருதமுத்து தொழிற்சங்கத்தில் இருந்தான் என்று போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது. கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. அதற்குமேல் ஒரு சேதியும் இல்லை.

"அண்ணே, அவ துறைமுகத்துல நிக்கிறப்பவே லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டான்லா. கடைசில அவன் வந்தானா?"

தனபாலன் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அந்த இரண்டு நாளும் கடையில் கணக்கெடுப்பு. ஆனால் ஜெயமணி பக்கத்தில் நின்றான். இன்னும் நாலு பேர் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வராம என்ன?" என்றான். கப்பல் வந்தது, எல்லாரும் இறங்கிப் போனார்கள், கடைசியாகத் தாடியும் கிழிந்த சட்டையுமாக அவன் நொண்டிக்கொண்டே இறங்கினான், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை, அவன் அவர்கள் கல்யாணப் பாட்டை முணுமுணுத்தான் என்று சொல்லிக்கொண்டே போனான். குஞ்சம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போகும்போது முகம் தெளிந்திருந்தது.

தீபாவளிக்கு மறுநாள் அதே படத்தைக் காலைக் காட்சியாகப் போட்டார்கள். தனபாலன் ஆவலோடு போய் உட்கார்ந்தான். கப்பல் வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். அவன் வரவில்லை. அவள் வெகுநேரம் நின்றாள். பிறகு, இறங்கி வந்த யாரோ ஒரு கிழவியின் மூட்டையை வாங்கிக்கொண்டு அவளோடு ஊருக்குள் நடந்தாள். பாட்டில்லை, வசனமில்லை. இப்படி ஒரு முடிவை அவன் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. இதற்குப் பதிலாகத் தாடியையும் கல்யாணப் பாட்டையும் வைத்தோமே என்று நினைத்தபோது உடம்பு கூசியது. விளக்குப் போட்டதும் பெண்கள் பக்கம் பார்த்தான். குஞ்சம்மா இருந்தாள்.

வாசலில் அவளே நேராக வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, நீங்க சொன்னது வேற படமோ?"

அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே கேட்டாள். அதுதான் அவனுக்குத் தப்பிக்க வழியானது.

"ஆமாம்மா. அது வேற படம். இதே மாதிரி கதை, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

"அப்படித்தான் நெனச்சேன். அது வந்தா சொல்லுங்கண்ணே. அதையும் பாக்கணும்."

அதற்குப் பிறகு அவள் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் கேட்டாள். இன்னும் வரவில்லை என்று அவன் துணியை மடித்தபடியே சொல்லுவான். ஒருநாள் ஜெயமணி குறுக்கே வந்தான். "எந்தப் படம்டா அது, எனக்குத் தெரியாம?" தனபாலன் ஏதோ ஒரு பெயரை உளறினான். ஜெயமணி சிரித்தான். குஞ்சம்மா அந்தப் பெயரை மறக்காமலிருக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் தனபாலன் முதலாளியிடம் லீவு கேட்டு, தோட்டத்துக்கு பஸ் ஏறினான். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். பால் கொட்டிவிட்டுத் திரும்பும் பெண்கள் கேட்டில் அடையாள அட்டை காட்ட வரிசையாக நின்றார்கள். குஞ்சம்மா அவனைப் பார்த்ததும் வரிசையை விட்டு ஓடிவந்தாள்.

"படம் வந்துடுச்சாண்ணே?"

"அப்படி ஒரு படமே இல்லம்மா. நீ கேட்டப்ப நான் அந்தப் படத்தைப் பாக்கல. பாக்கலன்னு சொல்ல வெட்கப்பட்டு, நானா கட்டிவிட்டேன்."

அவள் அவனையே பார்த்தாள். "அவரு பாட்டுப் பாடினது?"

"அதுவும்தான்."

"லயம் பூரா சொல்லிட்டேனே," என்றாள் மெதுவாக. "எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் வருவாருன்னு சொல்லிட்டேனே. இனி அவங்ககிட்ட நான் என்னத்தைச் சொல்றது?"

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தான். காவலுக்கு நின்றவன் அதட்டினான். அவள் போய் அட்டையைக் காட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள்.

பஸ்ஸுக்காக அவன் சாலையோரம் நின்றான். வரிசையின் கடைசியில் நின்ற ஒரு சின்னப்பெண் அவனையே உற்றுப் பார்த்தாள்.

"நீங்கதானே துணிக்கடை அண்ணன்? அந்தக் கப்பல் கதையைக் குஞ்சம்மாக்கா சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம். என்ன அருமையான முடிவுண்ணே!"

தனபாலன் தலையைக் குனிந்துகொண்டான். பஸ் வரும்வரை நிமிரவில்லை.