முப்பது என்று காட்டிய முள்

1

இந்தக் கதையில் நிஜம் என்று சொல்ல ஒரு தகரத் தட்டு மட்டும்தான் உண்டு. உள்ளங்கை அகலம். கறுப்பு நிறத்தில் வெள்ளை எண்கள். பழைய இங்கிலீஷ் கார் ஒன்றின் ஸ்பீடோமீட்டரில் முள்ளுக்குப் பின்னால் இருக்கிற டயல் அது. சேக்காட்டில் எங்கள் வீட்டை ஒட்டிய ஷெட்டில் அப்பா வண்டி மீட்டர்களை ரிப்பேர் செய்கிறார். எண்பத்தெட்டில் ஒரு நாள், தின்னரில் நனைத்த பஞ்சால் அந்த டயலைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "அட, அடியில வேற எழுத்து கீது" என்று சிரித்தார். மேலே கிலோமீட்டர் என்று இங்கிலீஷில் சுருக்கி எழுதியிருந்தது. அது அழிந்ததும் கீழே மைல் என்று தெரிந்தது. எண்கள் மட்டும் மாறவே இல்லை.

யாருடைய வண்டி, யார் மாற்றி எழுதினார்கள் என்று அப்பா கேட்கவில்லை. வந்தவர் வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்ததோடு சரி.

அவ்வளவுதான் நடந்தது. இனி வருகிற விபத்தும் டிரைவரும் முதலாளியும் நான் கற்பனை செய்தவை. அப்பாவுக்கு ராயப்பன் என்ற சொந்தப் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். நிஜ அப்பா இத்தனை பேசமாட்டார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"வேலப்பன்சாவடியில் வெயில் ஏறத் தொடங்கிய நேரம், பூந்தமல்லிப் பக்கமிருந்து வந்த அந்தப் புறா நிறக் கார்

கார் வந்தால் யாராவது எதிரே நிற்க வேண்டும். அடித்துவிட்டு மறுபடி தொடங்கினேன்:

"கீரைக்கூடையோடு பொன்னம்மாள் சாலையைக் கடக்கக் காலை எடுத்து வைத்த

இந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. முடித்தால் கார் அவள்மேல் மோதிவிடும். நான் பேனாவை எடுக்காதவரை அவள் ரோட்டோரத்தில் கூடையோடு நிற்கிறாள். சில நாள் அப்படியே நிற்கவைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கவும் துணி துவைக்கவும் போய்வந்தேன். பிறகு மோதவிட்டேன். (உயிர் போகவில்லை. தொடை எலும்பு முறிந்தது. என்னால் செய்ய முடிந்த சலுகை அதுதான்.)

ஆகவே கதை மோதலுக்குப் பிறகு, மறுநாள் காலையில், எங்கள் ஷெட்டில் தொடங்குகிறது.

3

"அண்ணாத்தே, கீறியா?"

துலுக்கானம் உள்ளே வந்தார். பார்த்தசாரதி சாரின் காரை ஓட்டுகிறவர். அதற்கு முன்னால் பல வருஷம் லாரி ஓட்டியவர். வெளியே அந்தக் கார் நின்றது. முன் பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. சார் பெரிய மனிதர் என்பதால் ஸ்டேஷனில் வண்டியை வீட்டுக்கு எடுத்துப்போக விட்டிருந்தார்கள். அதற்கும் அடுத்த நாள் காலை பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியை ஓட்டிப் பார்ப்பார். அதை வைத்துத்தான் கேஸ்.

"இன்னாப்பா, ராத்திரி பூரா தூங்கலியா?" என்றார் அப்பா.

"எங்க தூங்கறது? முப்பதுலதான் வந்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன் அண்ணாத்தே. முள்ளு முப்பதுலதான் நின்னுச்சு, என் கண்ணால பாத்தேன். அந்த ஏட்டு இன்னாடான்னா ரோட்டுல டயர் இஸ்துகினு போன தடத்தக் காட்டி, முப்பதுல வந்தவன் வண்டி இம்மாந்தூரம் போவுமான்னு கேக்கறாரு."

"போவாது."

"நீயுமா?"

"நான் தடத்தச் சொன்னேன். ஒன்னிய சொல்லல."

"லைசென்ஸ் புடுங்கி உள்ள வெச்சாங்கன்னா என் கத கந்தல். எனக்கு ஸ்டேரிங் புடிக்கிறதத் தவிர இன்னா தெரியும்? நீ மீட்டர பாரு. மீட்டர் பொய் சொல்லிச்சா நான் பொய் சொன்னேனான்னு எனக்கே தெரியணும்."

இங்கே நான் நிறுத்த வேண்டியிருக்கிறது. எனக்குத் துலுக்கானத்தின்மேல் சந்தேகம்.

அத்தனை வருஷம் வண்டி ஓட்டியவருக்கு, முள் சொல்லித்தானா வேகம் தெரிய வேண்டும்? உடம்பு சொல்லாதா? காற்று சொல்லாதா? அவர் தெரிந்தே வேகமாக வந்துவிட்டு மீட்டர்மேல் பழியைப் போடுகிறார் என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். "உண்மையில் துலுக்கானத்துக்கு எல்லாம் தெரி" என்று அது பாதியில் நிற்கிறது. அவர் முகத்தை அதற்கு ஏற்றபடி எழுத வரவில்லை. அதனால் கேள்வியை அப்பாவின் வாயில் வைத்தேன்.

"ஓட்டறப்ப வேகம்னு தோணவே இல்லியா ஒனக்கு?"

"தோணுச்சு, அண்ணாத்தே. ஆனா லாரில ஒக்காந்தா ரோடு எங்கியோ கீழ ஓடும். இதுல ஒக்காந்தா ரோடு மூக்கு மேல வருது. தாழ்ந்த வண்டி, அதான் வேகமா தெரியுதுன்னு நெனச்சுகினேன். நெனச்சுகினு முள்ளப் பாத்தேன். முப்பதுன்னு சொல்லிச்சு. அத நம்பிட்டேன்."

இப்போது நம்புகிறேன். நீங்கள் நம்புகிறீர்களா என்று தெரியாமல் மேலே போகிறேன்.

4

மீட்டரைச் சோதிக்க அப்பாவுக்கு ஒரு வழி உண்டு. கழற்றுவதற்கு முன்னால் வண்டியை ரோட்டுக்குக் கொண்டுபோவார். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரைக்கும் முள்ளை ஒரே எண்ணில் நிறுத்தி ஓட்டச் சொல்வார். பின் சீட்டில் கடிகாரத்தோடு நான். முப்பது கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்கு இரண்டு நிமிஷம் ஆக வேண்டும்.

பருத்திப்பட்டு ஏரியை ஒட்டிய ரோட்டுக்குப் போனோம். துலுக்கானம் ஸ்டேரிங்கை இறுக்கிப் பிடித்து விறைத்து உட்கார்ந்திருந்தார்.

"வெறைச்சுகினு ஓட்டாதப்பா. ஏரி எங்கியும் ஓடாது" என்றார் அப்பா.

"நேத்து அடிச்ச வண்டி அண்ணாத்தே. இன்னிக்கு ஏறி ஒக்கார்றதே பெருசு."

முள் முப்பதுக்கு ஏறி நின்றது. முதல் கல் ஜன்னலைத் தாண்டியது. அப்பா கையைத் தட்டினார், நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முள் அசையவில்லை. அப்பா முள்ளையே பார்த்தார், துலுக்கானம் ரோட்டையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். கடிகாரத்தில் ஒரு நிமிஷம் முடிந்தது. ஏரித் தண்ணீர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. கடிகாரத்தின் நிமிஷ முள் நகர்ந்து சற்று நேரம்கூட ஆகவில்லை, எதிரே வெள்ளையாக ஒன்று தெரிந்தது. அது அடுத்த கல்லாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அதுதான் அடுத்த கல்.

"எவ்ளோ பாப்பா?"

"ஒண்ணேகால் நிமிஷம்ப்பா."

துலுக்கானம் வண்டியை ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்தினார்.

"அப்ப நான் கிட்டத்தட்ட அம்பதுல வந்துகீறேன்."

"ஆமா."

"அந்தம்மா மேல."

"ஆமாப்பா."

(இந்த இடத்தில் அவர் அழுதார் என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அவர் இறங்கிப்போய்த் தொங்கிய பம்பரை வெறும் கையால் நேராக்கப் பார்த்தார். அது நேராகவில்லை.)

5

ஷெட்டுக்கு வந்து அப்பா மீட்டரைக் கழற்றினார். வளையம், கண்ணாடி, பிறகு முள். உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. காந்தம் சரி, சுருள் கம்பி சரி. பிறகு டயலைப் பஞ்சால் துடைத்தார். உங்களுக்கு இது தெரியும், முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மெஷின் மைல் கணக்கில் சரியாகத்தான் ஓடியிருக்கிறது. முப்பது மைலுக்கு முப்பது என்று நின்றிருக்கிறது. டயலில் யாரோ மைலை அழித்துக் கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் நிஜத்தை மாற்றியிருக்கிறேன்.* கதையில் அப்பா அழுத்தித் துடைத்துவிடுகிறார். மேல் எழுத்தோடு கீழ் எழுத்தும் போய்விடுகிறது. எண்களுக்கு நடுவே வெறும் கறுப்பு மட்டும் மிச்சம்.

* அடி எழுத்து அழியாமல் இருந்திருந்தால் யாரும் எதையும் எழுத வேண்டியிருக்காது. அப்பாவின் கை நடுங்கும். அவர் ரிப்பேர் செய்கிற டயல்களில் எழுத்து போனால் மெல்லிய பிரஷ்ஷால் எழுதுவது நான். எட்டாவதோடு நின்றாலும் கையெழுத்து மட்டும் நிற்கவில்லை என்று அப்பா சொல்வார்.

6

மத்தியானம் பார்த்தசாரதி சார் வந்தார். ஒரு பேக்டரியில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர். ஷெட் நிற்பது அவருடைய மனையில். துலுக்கானம் எழுந்து சுவரோரம் போய் நின்றார்.

"எழுத்து தப்புன்னு கேள்விப்பட்டேன் ராயப்பா."

"நீங்க எழுதச் சொன்னதா சார்?"

"வேற யாரு? ரிடையர் ஆனதும் வண்டிக்குப் பெயின்ட் அடிச்சேன். போர்டு எழுதறவன், சார் டயலும் மங்கிப்போச்சுன்னான். ஊர்ல கல்லெல்லாம் கிலோமீட்டர் ஆயாச்சு, இதுலயும் கிலோமீட்டர்னே போடுப்பான்னேன். எழுத்த மாத்தினா எண்ணையும் மாத்தணும்னு எனக்குத் தோணல. நான் கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் போறவன், முள்ளு இருபதைத் தாண்டி நான் பாத்ததே இல்ல."

"ம்."

"இப்ப சரியானத எழுதிடு. மைல் மீட்டர், மைல்னு எழுது. நான் ஒண்ணும் பொய் எழுதச் சொல்லலியே."

அப்பா டயலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்து இது கிலோமீட்டரா இருந்துச்சு சார். அதப் பாத்துத்தான் இவன் ஓட்டினான். நாளைக்கு மைல்னு இருந்தா, மீட்டர் சரி, டிரைவர்தான் பொய்யின்னு ஆயிடும்."

"துலுக்கானத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியுமா? எண்ணைத்தானே பாப்பான்? மேல எந்த எழுத்து இருந்தாலும் முப்பதுன்னுதான் சொல்லியிருப்பான்."

(இந்த வரியை அவருக்குக் கொடுத்திருக்கக் கூடாது. எழுதிய பிறகு அதில் நியாயம் இருப்பது தெரிந்து அழிக்க முடியாமல் போனது.)

சுவரோரமிருந்து துலுக்கானம் சொன்னார்: "அது சரி சார். ஆனா நீங்க எங்கிட்ட கிலோமீட்டர் வண்டின்னுதான் சாவி குடுத்தீங்க."

"நான் அப்படிச் சொன்னேனா?"

"சொல்லலை. மைல் வண்டின்னும் சொல்லலையே, சார்."

அடுத்து சார் மிரட்டுகிற மாதிரி ஒரு பெரிய வசனம் எழுதியிருந்தேன், சினிமா மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன். அவர் வெளியே போகும்போது கூரையை அண்ணாந்து பார்த்து இதை மட்டும் சொல்கிறார்:

"மழைக்கு முன்னாடி ஷீட் மாத்தணும்னு கேட்டல்ல ராயப்பா? மாத்திக்கோ. நாளைக்குக் காலையில வண்டிய எடுத்துக்கறேன்."

7

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு. நான் மைல் என்று எழுதுகிறேன். காலையில் பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்க்கிறார். முள்ளும் கல்லும் ஒத்துப்போகின்றன. "மீட்டர் கரெக்ட்" என்று எழுதிக்கொள்கிறார். துலுக்கானம் ஜீப்பில் ஏறுகிறார். ஷெட்டுக்குப் புது ஷீட் வருகிறது. யாரும் ஒரு பொய்கூட எழுதவில்லை.

இரண்டாவது முடிவு. கிலோமீட்டர் என்றே எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் தப்பைக் கண்டுபிடிக்கிறார். துலுக்கானம் பார்த்துச் சொன்னது நிஜம் என்று ஆகிறது, பழி சாரின்மேல் போகிறது. நாங்கள் ஷெட்டைக் காலி செய்கிறோம். தப்பு என்று தெரிந்த எழுத்தை என் கையால் எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது முடிவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொன்னம்மாளிடம் யாருமே எதையும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. முறிந்த எலும்பு சேர, அவள் காலில் எடைக்குக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "மைலாவது கியிலாவது! வண்டி வேகமா வந்துச்சு, என்னிய தூக்கிப் போட்டுச்சு. அவன் எதப் பாத்தான்றத நான் எதுக்குப் பாக்கணும்? என்னிய பாத்தானா?" என்றாள். கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்த முடிவு அங்கேயே நி

நான்காவது, எதையும் எழுதாமல் கறுப்பாகவே விட்டுவிடுவது. அதை அப்பாவே வேண்டாம் என்கிறார். "வெறும் டயலப் பாத்தா யாரு அழிச்சதுன்னு கேப்பான். அழிச்சது நான். அப்ப ரெண்டு பேரும் என்னியத்தான் காட்டுவாங்க."

8

சாயங்காலம். அப்பா டயலை என் முன்னால் நியூஸ் பேப்பர்மேல் வைத்துவிட்டு, "நீ எழுதும்மா. எதுன்னு நான் சொல்லமாட்டேன்" என்று வெளியே போய்விட்டார். இப்படியா ஓர் அப்பா செய்வார் என்று கேட்பீர்கள். நிஜ அப்பா செய்யமாட்டார். இவரிடம் வேறு எதுவும் செய்யச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைப் பெயின்ட்டைக் கலக்கினேன். பிரஷ்ஷை நனைத்து நுனியைக் கூராக்கினேன். வெளியாட்கள் பக்கத்தில் இருந்தால் எனக்கு எழுத வராது. ஆனாலும் துலுக்கானத்தைப் போகச் சொல்ல வாய் வரவில்லை. அவர் பெஞ்சுக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தார். என் கையைத்தான் பார்த்தார்.

"பாப்பா."

நான் நிமிரவில்லை.

"ஒன்னிய நான் இத எழுது அத எழுதுன்னு சொல்லமாட்டேன். ஊடு ஒங்க ஊடு, போனா ஒங்க ஷெட்டுதான் போவும். அந்தம்மாவ அடிச்சதும் நான்தான். ஆனா சார் சொன்னது நெசம். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது. நீ எழுதி முடிச்சதும் அது இன்னான்னு எங்கிட்ட படிச்சுக் காட்டிடு. நாளைக்கு ஸ்டேஷன்ல நிக்கறப்ப முதுகுக்குப் பின்னால இன்னா கீதுன்னு தெரிஞ்சுகினு நிக்கறேன்."

பிரஷ் நுனியில் பெயின்ட் ஒரு சொட்டாகத் திரண்டு நிற்கிறது. சீக்கிரம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் விழுந்துவிடும்.

மைலா கிலோமீட்டரா என்று இத்தனை நேரம் என்னோடு சேர்ந்து நீங்களும் யோசித்திருப்பீர்கள். சிலருக்கு முடிவு ஏற்கெனவே தெரிந்திருக்கும். நல்லது. பிரஷ் இதோ. டயல் ஈரமில்லாமல் துடைத்துத்தான் இருக்கிறது, சரியென்று படுவதை எழுதுங்கள். ஆனால் எழுதிவிட்டுக் கதையை மூடிக்கொண்டு போய்விடாதீர்கள். அவர் இன்னும் பெஞ்சுக்கு எதிரே குந்தியிருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்து, என்ன எழுதினீர்கள் என்று நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.